ஒன்று புள்ளி ஆறு

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54, எடை 60 கிலோ, பத்து வருஷமாகச் சர்க்கரை. கதைக்காக நான் கூட்டிவந்த ஆள்தான் என்றாலும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் இவர் சாயலில் நூறு பேரைக் காட்டிவிடலாம். நாள் முழுக்க நின்றபடி நாடா மாற்றுகிறார், அறுந்த பாவை முடிகிறார். இவருடைய தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒரு பொருள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் கிரியேட்டினின். பிறந்த நிமிடத்திலிருந்தே உடம்புக்கு வேண்டாத பொருள் அது.

வேண்டிய பொருள் அதன் தாயான கிரியேட்டின்தான். தசை திடீரென்று சுருங்க வேண்டிய நேரத்தில் கைக்காசாக எடுத்துக் கொடுக்கும் சக்தியை அதுதான் பாஸ்பேட்டோடு கட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது. உடம்பிலுள்ள கிரியேட்டினில் நாளொன்றுக்கு நூற்றில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, எந்த நொதியின் தூண்டுதலும் இல்லாமல், தானாகவே கிரியேட்டினினாக உருமாறிவிடும். நம் தறிக்காரர் உடம்பில் அப்படி உருவாவது நாளைக்கு ஏறக்குறைய 1.2 கிராம். நேற்றும் அவ்வளவு, இன்றும் அவ்வளவு. தசை குறைந்தாலோ கறி அதிகமாகத் தின்றாலோதான் கணக்கு மாறும். இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கால்தான் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்துக்கொள்ள வெகு காலம் ஆனது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியேட்டினைப் பிரித்தெடுத்தார். 1847இல் ஜெர்மனியின் லீபிக், வேட்டையில் ஓடி ஓடிச் செத்த நரியின் தசையில் கூண்டு நரியைவிடப் பத்து மடங்கு கிரியேட்டின் இருப்பதாகக் கண்டார். அதை அமிலத்தோடு காய்ச்சியபோது கிடைத்த பொருளுக்குக் கிரியேட்டினின் என்று அவரே பெயர் வைத்தார். 1886இல் மாக்ஸ் யாஃபே, காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தில் அது கலந்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வருவதைப் பார்த்தார். அந்த நிறத்தை அளந்து அளவு சொல்லும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓட்டோ ஃபோலின் உருவாக்கினார்.

இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் உடையோடு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்பட்டத்தோடு வெளியே வந்தவர். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார். அங்கே ஃபோலினின் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1927இல் தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டினை வெளிக்கொண்டு வந்தார். சென்னையில் பட்டம் மறுக்கப்பட்டவர் கண்டுசொன்ன பொருள்தான் நம் கதாநாயகனான கிரியேட்டினினுக்குப் பாட்டியோ தாயோ. சிறுநீரகப் பிரிவின் வாசலில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தசையிலிருந்து கசிந்த கிரியேட்டினின் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சர்க்கரை, சோடியம், தண்ணீர் எல்லாவற்றையும் கூப்பிட்டு உள்ளே சேர்த்துக்கொள்ளும் சிறுநீரகம் கிரியேட்டினினை மட்டும் கூப்பிடுவதில்லை. வடிந்தது வடிந்ததுதான். ஆகவே ரத்தத்தில் அது எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தால் வடிகட்டியின் நிலை தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும் என்று சொன்னாலும், சீக்கிரம் தெரியாது. குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் வரும் தண்ணீர் ஒரே அளவு. மடையில் பாதியை அடைத்துவிட்டால் குளத்தின் மட்டம் ஏறும். ஏறிய மட்டத்தின் அழுத்தத்தில் அந்தப் பாதி மடை வழியாகவே பழைய அளவு தண்ணீர் வெளியேறத் தொடங்கியதும் மட்டம் அங்கேயே நின்றுவிடும். சிறுநீரகம் பாதி போனாலும் நாளைக்கு 1.2 கிராம் கிரியேட்டினின் சிறுநீரில் போய்க்கொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் மட்டும், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், 0.8 இருந்த இடத்தில் 1.6 நிற்கும். சிறுநீர் தாராளமாகப் போகிறது, கால் வீங்கவில்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது. சிறுநீரகப் பழுது மிதமான கட்டத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு உடம்பு ஒன்றும் சொல்வதில்லை. இடுப்பு வலித்தால் கிட்னியோ என்று பதறுகிறவர்களுக்கு அனேகமாக அது முதுகுத் தசைப் பிடிப்புதான். உண்மையிலேயே கிட்னி பழுதாகிக்கொண்டிருப்பவர் வலியே இல்லாமல் தறி ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை அவர் ரத்தம் கொடுக்கப் போகிறார்.

“அண்ணாச்சி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய?”

“பிரியாணி தாயி. மச்சினன் வந்திருந்தான்.”

கேட்கும் பெண் கெட்டிக்காரி. எல்லா லேபிலும் இப்படிக் கேட்பதில்லை. சங்கரன்கோவில் பிரியாணிக்காகக் கார் எடுத்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. ஆட்டுத்தசையிலுள்ள கிரியேட்டின் அண்டாவில் வேகும்போதே கொஞ்சம் கிரியேட்டினினாக மாறிவிடுகிறது என்பது அவர்கள் கவலை அல்ல. தின்ற சில மணி நேரத்துக்கு அது ரத்தத்தில் காட்டும். 2014இல் பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில், மிதமான கட்டத்தின் மேல்படியில் இருந்த 16 பேரில் 6 பேர், வெந்த கறி தின்றபின் ரத்தம் எடுத்தபோது ஒரு படி கீழே இறங்கியவர்களாகக் காட்டப்பட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்டுக்கறியின் கணக்கு மனிதன் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரியிலிருந்தே கறியைத் தவிர்த்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

எடுத்த ரத்தம் குழாயில் அரை மணி உறைகிறது. பிறகு மையவிலக்கி சுற்றியதும் சிவப்பு கீழே தங்கி, வைக்கோல் நிறச் சீரம் மேலே நிற்கிறது. அதில் ஒரு துளியை எடுத்துக் காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தில் விட்டால், யாஃபே பார்த்த அதே ஆரஞ்சு நிறம். ஏறக்குறைய 140 வருஷம் ஆகியும் சின்ன ஊர் லேபுகளில் பெரும்பாலும் இதே வேதிவினைதான். கண்ணால் பார்க்கும் வேலையை மட்டும் கருவி எடுத்துக்கொண்டது. இந்த நிறத்துக்கு ஒரு குறையும் உண்டு. கிரியேட்டினினுக்கு மட்டும் என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும், கீட்டோன் இருந்தாலும், சிலவகை ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தாலும் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். நொதி முறை இதைவிடச் சுத்தம், செலவும் கூட. அதனால் ஒரு மாதம் ஒரு லேபிலும் மறுமாதம் வேறு லேபிலும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தம் குறைவு.

கருவி ஒரு சின்னத் தாளைத் துப்புகிறது. 1.6.

இனி நம் கதாநாயகன் பொருள் அல்ல, எண். குழாயில் மிஞ்சிய சீரத்தைக் கொட்டிவிடுவார்கள். எண் மட்டும் ஊர் சுற்றக் கிளம்பும். பொருளாக இருந்தபோது இல்லாத தொல்லையெல்லாம் எண்ணான பிறகுதான்.

முதல் தொல்லை, பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ அளவு. பல ரிப்போர்ட்டுகளில் அது 0.6 முதல் 1.2 வரை என்று ஆணுக்கும் பெண்ணுக்கும், இருபதுக்கும் எழுபதுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. தறிக்காரரின் 1.6 தடித்த எழுத்தில் வந்ததால் வீடு பதறும். அவர் அக்காவுக்கு 60 வயது என்று வையுங்கள். அவருக்கு 1.1 வந்தால் யாரும் பதற மாட்டார்கள். ஆனால் இப்போது பலரும் பயன்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், தம்பியின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 51 மில்லிலிட்டர், அக்காவுடையது 58ஐ எட்டவில்லை. இரண்டும் 60க்குக் கீழே. நீடித்தால் இருவருக்கும் ஒரே நோய், ஒரே கட்டம். அக்காவிடம் அதைச் சொல்ல ஆளில்லை. இன்னும் ஒன்று: அதே 1.6 அந்தத் தறிக்காரர் வயதே ஆன அவர் மனைவிக்கு வந்திருந்தால் 51 அல்ல, 38. பெண்ணுடம்பில் தசை குறைவு. குறைந்த வரத்திலேயே அவ்வளவு தேங்கியிருக்கிறது என்றால் மடை இன்னும் மோசமாக அடைபட்டிருக்கிறது.

இஜிஎஃப்ஆர் என்று ரிப்போர்ட்டில் வரும் அந்தக் கணக்குக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் கனடாவில் 249 ஆட்களை வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள், பெண்ணுக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு 1999, 2009, 2021 என்று அமெரிக்கச் சூத்திரங்கள். எல்லாமே பெரும்பாலும் அவர்களுடைய உடம்புகளை வைத்துப் போட்ட கணக்கு. சோறும் குழம்பும் சாப்பிட்டு ஒட்டிய தோளோடு இருக்கும் நம் ஊர்க்காரருக்குத் தசையே குறைவு என்பதால், சூத்திரம் அவர் சிறுநீரகத்தை உண்மையைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடக்கூடும். வயதான, மெலிந்த உடம்புகளில் இதை மறக்கக் கூடாது.

2002இல் அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளை இந்த வேகத்தை ஐந்து கட்டமாகப் பிரித்தது. 30 முதல் 59 வரை மூன்றாவது கட்டம், ‘மிதமானது’. 2012இல் உலக வழிகாட்டுதல் அதையும் இரண்டாக்கி 45க்கு மேலே 3ஏ, கீழே 3பி என்றது. கட்டத்தைவிட முக்கியம் அதற்குப் பக்கத்தில் வைத்த நிபந்தனை: மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய். ஆடித்தபசுக் கூட்டம் கலைந்தபின் எடுத்த ரத்தத்தில் 1.6 வந்தால், தீபாவளிக்கு ஜவுளி எடுக்கும் நாளில் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடம்பு வற்றியிருந்தாலும் எண் தற்காலிகமாக ஏறும்.

இந்த மூன்று மாதத்தின் மதிப்பை நம் மாநிலத்திலேயே பார்த்தோம். 2023இல் தமிழ்நாட்டில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். முதல் சுற்றில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குச் சிறுநீரகக் கோளாறின் அறிகுறி. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது உறுதியானது 5.31 சதவீதம். முதல் எண்ணை நம்பி ஓடியிருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீண் பயம். மறுசோதனை என்பதே இல்லாமல் விட்டிருந்தால் அந்த ஐந்து சதவீதமும் கைவிட்டுப் போயிருக்கும். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. வெயிலும் உடல் வற்றலும் காரணமா என்பது இன்னும் விசாரணையில்.

1.6 தனியாகப் பயணம் போகக் கூடாது. அதற்குத் துணை, சிறுநீரில் கசியும் அல்புமின். வடிகட்டி எவ்வளவு வடிக்கிறது என்று ஒன்று சொல்லும், எவ்வளவு ஓட்டையாகியிருக்கிறது என்று மற்றது சொல்லும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் நிம்மதி; 300ஐத் தாண்டினால், 1.6 மாறாமலே இருந்தாலும் வரப்போவது வேறு கதை. என் அனுபவத்தில், கிரியேட்டினின் தாள் வைத்திருப்பவர் பத்துப் பேர் என்றால் இந்தத் தாள் வைத்திருப்பவர் ஓரிருவர். 2023 ஜூலையில் தமிழக அரசு சேலம் மாவட்டம் எடப்பாடியில் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் பட்டையை நனைத்துப் புரதம் பார்க்கச் சொன்னது சரியான இடத்தில் வைத்த கை.

இதற்கும் முன்னோடி உண்டு. டாக்டர் எம்.கே. மணி 1990களில் சென்னைக்கு வெளியே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலையை ஆரம்பித்தார். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று நாட்டுக்கே வழிகாட்டிய மருத்துவர். அவரே, இதெல்லாம் நம் ஜனங்கள் எல்லோருக்கும் எட்டாது, நோயை வருமுன் மறிப்போம் என்று கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் இறங்கினார். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுப் புரதமும் பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சிச் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரைகள் மிக மலிவானவை, பழையவை. ஆளுக்கு ஆண்டுச் செலவு 27 அமெரிக்க சென்ட் என்று 2000களில் வெளியிட்ட கட்டுரையில் கணக்குக் காட்டினார். கிரியேட்டினின் பிறந்து, தேங்கி, எண்ணாகும் வரை காத்திருக்காமல் இரண்டு படி முன்னாலேயே போய் நின்ற திட்டம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கு வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கிராமத்துப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, எண் வீட்டுக்கு வந்துவிட்டது. “உப்பு ஏறிருச்சாம்” என்று, கிரியேட்டினினுக்குத் தெரு வைத்த பெயரிலேயே, ஊருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். வாழைத்தண்டுச் சாறு, நாள் முழுக்கத் தண்ணீர், யாரோ ஒருவர் தரும் பெயர் தெரியாத பஸ்பம். இதில் பஸ்பம்தான் எனக்குப் பயம். உள்ளே எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத பொடியை வடிகட்டி பாதியானவர் தின்னக் கூடாது. அதைவிடப் பெரிய கேடு தெருமுனை மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலில் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் தினசரிப் பழக்கமாகிவிடும். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கும். கோடையில் வற்றிய உடம்பில் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது அலுப்பான வேலைகள். ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே. உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் ஒரே இலையில் பார்க்காமல் இருப்பது. வடிகட்டும் வேகம் 45க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவைக் குறைப்பது, 30க்குக் கீழே போனால் நிறுத்துவது. இளநீரையும் வாழைப்பழத்தையும் எல்லோருக்கும் தடை போடுவது தேவையில்லாத வேலை. பொட்டாசியம் ஏறியவருக்கு மட்டும்தான் அது. சிறுநீரில் அல்புமின் கசிந்தால் எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை. 2020இல் வெளிவந்த டாபா-சிகேடி ஆய்வுக்குப் பிறகு டாபாக்ளிஃப்ளோசினும் சேர்ந்தது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும். அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்து விலை சரிந்தது. எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் அது நடந்தது. அறுபது ரூபாயை ஒட்டி விற்ற மாத்திரை பத்து ரூபாய்க்குக் கீழும் கிடைக்கத் தொடங்கியது.

இந்த மாத்திரைகள் தொடங்கிய சில வாரங்களில் 1.6 என்பது 1.8 ஆகலாம். வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதுதான் இவற்றின் வேலை. குறைத்தால் முதலில் வடிவதும் கொஞ்சம் குறையும். 30 சதவீதத்துக்குள் ஏறி நின்றால் மருந்து நிற்கக் கூடாது என்பது விதி. எங்கே கோட்டை விடுகிறோம் என்றால் இங்கேதான். புது லேப், புது மருத்துவர், தடித்த எழுத்தில் 1.8. மாத்திரை தொடங்கிய தேதி எந்தத் தாளிலும் இல்லை, பழைய 1.6 கையில் இல்லை. “இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துட்டு” என்று வீடு முடிவு செய்து, வருஷக்கணக்கில் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து குப்பைக்குப் போகும்.

பழைய தாள் ஏன் கையில் இல்லை? லேப் கருவி துப்பும் வழவழப்பான தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். நகைக்கடைப் பையில் ஸ்கேன் படமும் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டு நகலுமாகக் கலந்து கிடக்கும் கட்டில் தேதி வரிசை கிடையாது. ஓ.பி. சீட்டு ஒவ்வொரு தடவையும் புதிது. அரசு ஆஸ்பத்திரியில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று, 55 கிலோமீட்டர் தாண்டிப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒன்று. மூன்று இடத்திலும் மூன்று பேர் மூன்று தனி எண்களைப் பார்க்கிறார்கள். சிறுநீரக மருத்துவர் தேடுவது எண்ணை அல்ல, எண் போகும் சரிவை. போன வருஷம் 52, இந்த வருஷம் 51 என்றால் தறிக்காரர் முதுமை வரை இதே சிறுநீரகத்தோடு ஓட்டிவிடலாம். போன வருஷம் 60, இந்த வருஷம் 51 என்றால் அவசரம். ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இறங்கினாலே வேகமான சரிவு. ஒரே ஒரு தாளை வைத்து இந்த இரண்டில் எது என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஐகிரவுண்டுக்குப் பஸ் ஏறும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின், பொட்டாசியம், ரத்த அழுத்தம், எந்த லேப், அந்த வாரம் தொடங்கிய மாத்திரை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எழுதித் தருவாள். மருத்துவர் தன் பங்குக்கு அதே நோட்டில் எழுத வேண்டியது ஒரே வரி: “நாள்பட்ட சிறுநீரக நோய், காரணம் நீரிழிவு, ஜி3ஏ, ஏ2.” ஜி என்பது வடிகட்டும் வேகத்தின் கட்டம், ஏ என்பது அல்புமினின் கட்டம்; ஏ2 என்றால் 30க்கும் 300க்கும் இடையில். வெறும் ‘சி.கே.டி.’ என்று எழுதி நிறுத்தும் சீட்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். காரணம் இல்லை, கட்டம் இல்லை. அடுத்த முறை பல் பிடுங்கவோ, சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கவோ, முட்டு வலிக்கு ஊசி போடவோ போகும் இடத்தில் இருப்பவருக்கு அந்த மூன்று எழுத்து ஒன்றும் சொல்வதில்லை. ஜி3ஏ, ஏ2 என்று இருந்தால் ஊசியைக் கையில் எடுத்தவர் ஒரு நிமிடம் யோசிப்பார். மருந்தை மாற்றுவார், அல்லது ஐகிரவுண்டுக்கு ஒரு போன் போடுவார்.